துணைக்கு இருப்பவரிடமும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஸ்டெம்செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்) மாற்று சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செல் யார் கொடுக்கலாம், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் தனியறையில் இருக்க வேண்டும் என்று எல்லாமே தெளிவாக இருந்தது. நோயாளியோடு கூடவே கிடக்கும் கணவனையோ மனைவியையோ பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கூடப்பிறந்தவருடைய செல் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான் என்றார்கள். என் மச்சினனுடையது பொருந்தியது. பெரிய ஆபரேஷன் என்று நான் பயந்துகொண்டிருக்க, ரத்தம் ஏற்றுவது மாதிரி ஒரு பையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் தினமும் விடிந்தால் ஒரே பேச்சு, 'கவுண்ட் ஏறிடுச்சா?' கவுண்ட் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. பதினேழாம் நாள் ஏறியது. ஊரிலிருந்து எல்லோரும் போன் செய்து கண்டம் தாண்டியாச்சு என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. முதல் 100 நாள் பக்கத்திலேயே இருக்கச் சொன்னதால் மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் ஓர் அறை எடுத்தோம். சோறு பொங்கியே பழக்கமில்லாத நான் வேளாவேளைக்குக் குக்கர் வைத்தேன். தயிர் கூடாது, வேகாத காய் கூடாது. காய்ச்சல் 100.4 வந்தால் எந்த நேரமானாலும் ஓடி வர வேண்டும். மச்சினனின் செல்கள் அவள் தோலையும் குடலையும் வேற்றாளாக நினைத்துத் தாக்க ஆரம்பித்ததும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள்.

அந்த மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரைச் சுவரில் விசிறி அடித்தாள். 'என்னை ஏன் இப்படி சித்ரவதை பண்றீங்க?' என்று கத்தினாள். இருபத்து இரண்டு வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவள். நானும் கத்திவிட்டேன், 'உனக்காகத்தானே வேலையை விட்டுட்டு இங்க வந்து கிடக்கறேன்' என்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் விடியும் வரை பேசவில்லை. சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அடுத்த முறை போனபோது நர்சம்மா ஒருவர் கேட்டுவிட்டு, 'அது ஸ்டீராய்டுக்கு வர்ற கோபம்ண்ணா, தூக்கமும் வராது' என்று சாதாரணமாகச் சொன்னார். இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வந்திருக்காது. அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

டாக்டர்களைக் குறை சொல்ல மனமில்லை. ரத்த வகையே தம்பியுடையதாக மாறும், சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டும் என்பதையெல்லாம் படம் போட்டு விளக்கியவர்கள். ஆனால் என்னிடம் தனியாக யாரும் பேசவில்லை. கணவன் மனைவி விஷயத்தை எட்டுப் பேர் சூழ்ந்து நிற்கும் ஓ.பி.யில் எப்படிக் கேட்பது? பக்கத்தில் படுக்கலாமா, தொற்று வந்துவிடுமா என்று தெரியாமல் எட்டு மாதம் வாசல் ஓரம் பாய் விரித்துப் படுத்தேன். நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கேட்டாள், 'தோல் கறுத்துப்போச்சுன்னுதானே தள்ளிப் படுக்கறீங்க?'

எட்டு மாதம் அவள் அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் என் பயத்தைச் சொல்லக் கூடாது என்று நான் வாயைக் கட்டியிருந்தேன். யாராவது ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளுக்கு உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முன்னால் துணைக்கு இருப்பவரை, நோயாளி இல்லாமல், தனியாக அரை மணி நேரம் உட்கார வையுங்கள். என்ன மாத்திரைக்கு என்ன மாதிரி கோபம் வரும், எப்போது தொடலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்றும் கேளுங்கள். மருந்துச் சீட்டில் 14416 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். எனக்கு அது தெரிய வந்தபோது ஒரு வருடம் ஓடிவிட்டது. சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. பழம் வாங்கிக்கொண்டு வராதீர்கள், வாரத்தில் ஒரு ராத்திரி வந்து மாற்றிவிடுங்கள்.

என் மனைவி இப்போது நன்றாக இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்குப் போகிறோம். அன்றைக்கு வார்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, புதிதாக வந்திருக்கும் கணவன்மார்களிடம் பேச நான் தயார். மருத்துவமனை ஒரு நாற்காலி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.