வனத்துறைக்கு: கொங்கு மலைகளில் இரண்டு ராத்திரி தங்கி நடக்க ஒரு வழி திறந்துவிடுங்கள்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும், மலையேற்றத் திட்டத்தை நடத்துகிற தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தாருக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைத் திறந்தீர்கள். ஆன்லைனில் பதிவு செய்து, பழங்குடி இளைஞர்கள் வழிகாட்ட, பயமில்லாமல் காட்டுக்குள் நடக்க முடிகிறது. இதற்கு முன் யாரைப் பிடித்து எந்த ஆபீசில் பர்மிட் வாங்குவதென்றே தெரியாமல் அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மனசார நன்றி. ஆனால் அந்த வழிகளெல்லாம் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டியவை. காட்டில் டென்ட் அடித்துத் தங்கி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நடக்கிற வழி ஒன்றையாவது கொங்கு நாட்டு மலைகளில் திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இந்த ஆசை இளைஞர்களிடம் நன்றாகவே வேர் பிடித்துவிட்டது. சிலர் நேராக இமாச்சலத்துக்கும் உத்தராகண்டுக்கும் ரயில் ஏறுகிறார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக டென்ட்டில் படுப்பதே 3,000 மீட்டருக்கு மேலே, கை விறைக்கிற குளிரில். இன்னும் சிலர் அனுமதியே இல்லாமல் இங்கேயே ஏதோ ஒரு கரட்டில் ஏறிப் படுத்துவிட்டு வருகிறார்கள். எங்கே போனார்கள் என்று வீட்டுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டுமே தலைகீழான வரிசை. பழகுகிற இடம் பக்கத்தில், உங்கள் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

ராத்திரி என்றதும் உங்களுக்குக் குரங்கணி நினைவுக்கு வரும். எங்களுக்கும்தான். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டத்து அந்த மலையில் நடக்கப் போனவர்களைச் சூழ்ந்த காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். புல் காய்ந்து கிடக்கிற மாதத்தில், சரிவில், காற்று வீசும்போது தீ எந்த மனிதக் காலையும் முந்திவிடும். அதனால்தான் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வழிகளை நீங்கள் மூடுவதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். அதில் ஒரு நாளைக்கூடத் தளர்த்தக் கேட்கவில்லை. தென்மேற்குப் பருவமழையில் அட்டையும் வழுக்கலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் இடியும். மிஞ்சுவது மார்கழிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும்தான். அந்த ஐந்தாறு வாரம் போதும்.

எங்கே என்பதற்கும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆனைமலையின் புல்மலையைத் திறக்காதீர்கள். அது வரையாட்டின் வீடு. முதலில் நாமக்கல் கொல்லிமலையில் தொடங்குங்கள். அங்கே யானைக்கூட்டம் இல்லை. கரடி உண்டு, அதற்கான முன்ஜாக்கிரதை வேண்டும். சாமையும் மிளகும் பலாவும் விளைகிற ஊர்கள் நடுவே நடுவே இருப்பதால், ஒருவருக்குக் கால் பிசகினால்கூடச் சில மணி நேரத்தில் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அது சரியாக நடந்தால், அப்புறம் ஆனைமலையின் வெளிவட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

புலிகள் காப்பகத்திலேயே இதைச் செய்து காட்டிய இடம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. தேக்கடியில் பெரியாறு காப்பகத்தார், ஒரு காலத்தில் காட்டில் வயணைப் பட்டை (லவங்கப்பட்டை மாதிரியான காட்டு மரப்பட்டை) திருடியவர்களையே வழிகாட்டிகளாக்கி, துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரையும் சேர்த்து, சின்னக் குழுக்களை ஒன்றிரண்டு ராத்திரி டென்ட்டில் தங்க வைத்துக் கூட்டிப்போகிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அது நடக்கிறது.

வழிகாட்டி எவ்வளவு முக்கியம் என்பதைக் கேரளக் காட்டில் ஒரு நடையின்போது பார்த்தேன். ஓடைக்கரையில் சமதளமான மணல்; பார்த்தாலே படுக்கத் தோன்றும். நாங்கள் பையை இறக்கிவிட்டோம். கூட வந்த பெரியவர் எதுவும் பேசாமல் பக்கத்து மரத்தைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பட்டையில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. யானை உடம்பைத் தேய்த்த மரம். அந்த மணல்தான் அவை தண்ணீருக்கு இறங்குகிற தடம். பைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் தள்ளிப்போய்ப் பாறை ஓரமாக டென்ட் அடித்தோம். எங்கள் போன்களில் இருந்த எந்த மேப்பும் இதைச் சொல்லியிருக்காது.

வருகிறவர்களையும் நீங்கள் தயார் செய்ய வேண்டும். பணம் கட்டியவரையெல்லாம் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். முதல் நாள் அடிவாரத்தில் ஒரு பயிற்சி, அதில் பையை எடை போடுவது கட்டாயம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை இருந்தால் பையைப் பிரித்து, வேண்டாததை எடுத்துவைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். புதியவர் ஜீன்ஸ் இரண்டு வைத்திருப்பார், மழைக்கோட்டு இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் ஆகும். ஆகவே தங்குமிடத்தைக் காட்சி அழகை வைத்து முடிவு செய்யாமல், தை மாதத்திலும் வற்றாத ஊற்றை வைத்து முடிவு செய்யுங்கள். ஆனால் ஊற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி.

டென்ட் அடிப்பதையும் அங்கேயே கற்றுக்கொடுங்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிப் படுத்தால், மூச்சுக்காற்றே உள்சுவரில் நீராகப் படிந்து சொட்டும். விடிகாலையில் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு நனைந்திருக்கும். ராத்திரி மழை பெய்ததென்று ஆள் நினைத்துக்கொள்வார். நனைந்த ஸ்லீப்பிங் பேக்கில் இன்னொரு ராத்திரி படுக்க முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும் என்பதைக் கீழே வியர்த்துக்கொண்டு பை கட்டுகிறவர் நம்பமாட்டார்.

கேம்ப் ஃபயர் கூடவே கூடாது, மார்கழிப் பனியிலும்தான். சமையலுக்குக் கேஸ் அடுப்பு மட்டும், காலி டப்பா எண்ணிக்கையோடு திரும்பி வர வேண்டும். சாப்பாடு டென்ட்டுக்குள் இருக்கக் கூடாது. முதல் மதியத்துக்குக் கட்டுச்சோறு, மற்ற நேரத்துக்கு அவலும் பொரிமாவும் கடலை மிட்டாயும் போதும். கழிப்புக்கு ஒரு சாண் ஆழக் குழி, ஆளுக்கொரு கைமண்வெட்டி. இதைச் சொல்லக் கூச்சப்பட்டால் இரண்டே வாரத்தில் ஊற்று நாறிவிடும். வெள்ளியங்கிரியில் ஏறுகிறவர்களின் பையை அடிவாரத்திலேயே பிரித்துப் பார்த்து பிளாஸ்டிக்கை எடுக்கிறீர்களே, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கொல்லிமலையில் வாழ்கிற, மலையாளி என்ற பெயர் கொண்ட பழங்குடி மக்களிடம் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. எந்த வழி, எத்தனை பேர், என்ன கட்டணம், எந்தக் கோயில் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் சொல்லி நடக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் வேறு மலை பார்ப்போம். சரி என்றால், வழிகாட்டிக் கூலி போக, கட்டணத்தில் ஒரு பங்கும் அந்த ஊர்களுக்கே போகட்டும்.

இந்த மார்கழியில் ஒரே ஒரு வழியை, குழுவுக்குப் பத்துப் பேருக்கு மிகாமல், சோதனையாக நடத்திப் பாருங்கள். அறிவிப்பு ஐப்பசிக்குள் வந்துவிட்டால் நல்லது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள் பொங்கல் லீவை ஒட்டி இரண்டு நாள் சேர்த்துக் கேட்க அவ்வளவு அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு மலையேற்றக்காரன்