தேன்மொழிக்கு: விளையாட்டுப் பெட்டியை நூலகப் பட்டியலில் ஏற்றுவது பற்றி

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் பிரிவுக்கு விளையாட்டுப் பெட்டிகள் வந்திறங்கியிருக்கின்றன என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் புத்தகத்துக்குப் போடுகிற பதிவையே அதற்கும் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். வேண்டாம்.

திரும்பி வரும் புத்தகத்தில் யாரும் பக்கம் எண்ணுவதில்லை. விளையாட்டுப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் எண்ணியாக வேண்டும். அதனால் உனக்கு இரண்டு கணக்குகள் தேவை. வெளியீட்டாளர் பெட்டிக்குள் என்ன வைத்தார் என்பது முதல் கணக்கு, அது எல்லாப் பிரதிக்கும் பொதுவான பதிவில் போகும். நம் பிரதியில் இன்று என்ன இருக்கிறது என்பது இரண்டாவது, அது பிரதிக்கான பதிவில் போகும். ஒரு காய் தொலைந்ததும், மார்க் என்ற நூலகப் பதிவு வடிவத்தில் உறுப்புகளின் எண்ணிக்கை எழுதும் 300-ஆம் புலத்தைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவை நகலெடுக்கும் இன்னொரு நூலகம், தன்னிடமுள்ள முழுப் பெட்டியில் ஒரு காய் அதிகம் என்று குழம்பும். நீ வெளியிலிருந்து பதிவு இறக்கினாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதே. அவர்கள் குறைப் பெட்டியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம்.

கட்டான் என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொள். க்ளாஸ் டாய்பர் வடிவமைத்து 1995-இல் ஜெர்மனியில் வந்தது. 19 அறுகோண நிலத்துண்டுகள், 18 எண்வில்லைகள், 60 சாலைகள், 20 குடியிருப்புகள், 16 நகரங்கள், 2 பகடை, 1 திருடன் காய். அட்டைகள் தனி: வளம் 95, வளர்ச்சி 25, கட்டுமானச் செலவு 4, சிறப்பு அட்டை 2, ஆக 126. ‘1 விளையாட்டு (பல்வேறு துண்டுகள்)’ என்று எழுதவும் நூலகப் பட்டியல் விதித்தொகுப்பான ஆர்.டி.ஏ. இடம் தருகிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதே. கவுன்டரில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 300-இல் முழுக் கணக்கையும் எழுது. நம் நூலக மென்பொருளான கோஹாவில் பிரதிக்கான 952-ஆம் புலத்தில், உள்ளடங்கிய பொருள்களைக் குறிக்கும் கட்டத்தில் சுருக்கத்தைப் போடு: ‘நிறத்துக்கு 24 காய், 4 நிறம், அட்டை 126, பகடை 2.’ பெட்டியைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அது திரையில் தானாக வந்து நிற்கும். நிறத்துக்கு 24 என்று எழுதுவது முக்கியம், ஏனென்றால் மொத்தம் 96 என்று எண்ணுவதைவிட நான்கு குவியலாகப் பிரித்தால் குறைவது உடனே கண்ணில் படும்.

பதிவின் தொடக்க வரியான லீடரில் 06-ஆம் இடத்தை ‘ஆர்’ (r, முப்பரிமாணப் பொருள்) என்று மாற்ற மறக்காதே, 008-ஆம் புலத்தில் 33-ஆம் இடம் ‘ஜி’ (g, விளையாட்டு). மாற்றாவிட்டால் கோஹா அதைப் புத்தகம் என்றே காட்டும். பெட்டியின் பின்னால் உள்ள பார்கோடு 978 அல்லது 979-இல் தொடங்கினால் மட்டுமே அது புத்தக எண்ணான ஐ.எஸ்.பி.என். ஆக இருக்கலாம். மற்ற 13 இலக்க எண்கள் 024-ஆம் புலத்துக்குப் போகும், புல எண்ணை அடுத்து வரும் குறியெண்களில் முதலாவது, அதாவது முதல் குறிகாட்டி, 3. தலைப்பைப் பெட்டி மூடியிலிருந்து எடுத்திருந்தால் பொதுக்குறிப்புக்கான 500-இல் அப்படியே சொல்லிவிடு. 2015-க்கு முந்தைய ஆங்கிலப் பெட்டியில் ‘தி செட்லர்ஸ் ஆஃப் கட்டான்’ என்றும் பிந்தையதில் வெறும் ‘கட்டான்’ என்றும் இருப்பதால், இன்னொரு பெயரை மாற்றுத் தலைப்புக்கான 246-இல் கொடு. ஐந்தாறு பேருக்கான இணைப்புப் பெட்டி தனியாக ஆடக்கூடியது அல்ல. தனிப் பதிவு போட்டு, மூலப்பெட்டி வேண்டும் என்ற குறிப்பைக் கட்டாயம் சேர்.

தேடல் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விளையாட்டை யாரும் ஆசிரியர் பெயரால் தேடுவதில்லை. ‘நாங்க மூணு பேர், அரை மணி நேரம்தான் இருக்கு’ என்றுதான் வருகிறார்கள். குறிப்பில் ‘2–4 பேர்’ என்று எழுதினால் ‘3 பேர்’ என்ற தேடலில் அந்தப் பெட்டி சிக்காது. உள்ளூர்ப் பொருள் தலைப்பாக ‘2 பேர்’, ‘3 பேர்’, ‘4 பேர்’ என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடு. நேரத்துக்கும் அப்படியே. எழுத்தில் ஓர் இடைவெளிகூட மாறக்கூடாது.

பெட்டிக்கு ரப்பர் பேண்ட் போடாதே. நம் ஊர் வெயிலில் ஒரு கோடைக்குள் இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் அச்சும் சேர்ந்து வரும். துணி நாடா போதும். பார்கோடு அடிப்பெட்டியில் இருக்கட்டும், மூடிக்கு எண் மட்டும், ஏனென்றால் மூடிகள்தான் மாறிப்போகும். எண்ணுவதற்குப் பதில் எடை போட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய். ஓர் அட்டை இரண்டு கிராம்கூட இராது. மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி குடிக்கிற ஈரமே அதைவிட அதிகம். பகடையும் காயும் பை பையாகக் காணாமல் போனால் தராசு காட்டும், ஓர் அட்டை போனால் காட்டாது.

இனி உன் பல்லாங்குழிப் பலகை. தலைப்பு இல்லை, வெளியீட்டாளர் இல்லை, ஆண்டு இல்லை. தலைப்பை நாமே இட்டோம் என்று 500-இல் எழுது. தச்சர் செய்த கைவேலை, வெளியீடு அல்ல என்பதால், தயாரிப்பு, வெளியீட்டு விவரம் எழுதும் 264-இல் இரண்டாவது குறிகாட்டி 0. 246-இல் பன்னாங்குழியும் சேரட்டும், ஊரில் அப்படியும் தேடுவார்கள். குழி 14 என்பதில் சிக்கல் இல்லை, காய்தான் சிக்கல். குழிக்கு ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 146 காய் வைக்கும் முறையும் உண்டு. எந்த ஆட்டத்துக்கு எத்தனை என்று தீர்மானித்து, விதியை ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து உள்ளே வை. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’ என்பதும் அதில் இருக்கட்டும். அந்தத் தாளையும் ஓர் உறுப்பாக 300-இல் கணக்கில் சேர்.

காய்களைக் கையில் எடுத்துப் பார். முழுச் சிவப்பாக, தட்டையாக இருந்தால் மஞ்சாடி. ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. அதில் கொடிய நஞ்சு இருக்கிறது, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணிகூடப் பெட்டியில் தங்கக்கூடாது. புளியங்கொட்டைக்கு மாற்றிவிடு. மூன்று வயதுக்குக் கீழே தரக்கூடாது என்பதை, யாருக்கு ஏற்றது என்று சொல்லும் 521-இல் எழுது. புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும்.

டியூயி பகுப்பு எண்களில் பல்லாங்குழி, கட்டான் எல்லாம் 794-லேயே குவியும். சதுரங்கத்துக்கு 794.1, சீட்டாட்டத்துக்கு 795.4. ஆனால் அலமாரியில் பெட்டி அளவு பார்த்து வை. எண் வரிசைப்படி அடுக்கினால் சின்னப் பெட்டி பெரிய பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பரமபதம் வந்திருந்தால் கட்டங்களை எண்ணிவிட்டு எழுது. 100 கட்டம் உள்ளதும் 132 கட்டம் உள்ளதும் ஒரே பதிவில் போகாது. தாயக்கட்டை ஜோடியாக இருக்கிறதா என்றும் பார்.

அன்புடன்,
மாலதி