தாளைப் பார்த்துவிட்டு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எழுத்துருக் கட்டுரை, ஆங்கிலப் புத்தகம் போடுகிறவர்களுக்கு 'பாஸ்கர்வில்'லைத் தாராளமாகச் சிபாரிசு செய்திருந்தது. எனக்கும் பிடித்த எழுத்துருதான். சின்ன 'ஜி'யின் (g) கீழ்ச்சுழி மூடாமல் திறந்தே கிடக்கும். பெரிய 'கியூ'வின் (Q) வால் மயிலிறகு மாதிரி வளைந்து போகும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் அழகே. சங்கடமும் அங்கேதான்.

டிடிபி, அதாவது கணினியில் பக்கம் கட்டும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியின் ஆண்டு மலரை 9 பாயிண்ட் அளவுப் பாஸ்கர்வில்லில் போட்டேன். லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃப் அத்தனை லட்சணமாக இருந்தது. மலர் அச்சானதோ மட்டமான நியூஸ் பிரிண்டில், அதாவது செய்தித்தாள் காகிதத்தில். சின்ன 'ஈ'யின் (e) குறுக்குக்கோடு ஒரு வரியில் அறுந்து 'சி'யாக (c) நின்றது. அடுத்த வரியில் மை ஊறி அந்த எழுத்தின் உள்துளையே அடைத்துக்கொண்டது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தப்பு என்னுடையது, தாள் என்னவென்று நான் கேட்கவே இல்லை.

இந்த எழுத்தை வடிவமைத்த ஜான் பாஸ்கர்வில் இந்தத் தப்பைச் செய்யவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கையெழுத்து கற்றுக்கொடுத்து, கல்லில் எழுத்து வெட்டி, அப்புறம் அரக்கு மெருகேற்றிய சாமான்கள் செய்து விற்றுப் பணம் சேர்த்த பிறகு அச்சுத் தொழிலுக்கு வந்தவர். எழுத்தை மட்டும் வடிவமைத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. மையைத் தானே காய்ச்சினார், அச்சு எந்திரத்தைத் திருத்தினார், அச்சான தாளைச் சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கினார். 1757-ல் வந்த ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலுக்கு அவர் போட்ட பதிப்பில் ஒரு பகுதி, தாள் வார்க்கும் கம்பியின் வரித்தடம் விழாத புதுவகைத் தாளில் அச்சானது.

அப்படியும் 'கண்ணைக் கெடுக்கும் எழுத்து' என்று ஊர் பேசியது. அமெரிக்க அறிஞரும் அச்சகருமான பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு வேலை செய்தார். அப்படிக் குறை சொன்ன ஒருவரிடம், கேஸ்லன் என்ற வேறொரு எழுத்தின் மாதிரித்தாளில் பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று நீட்டினார். அந்த மனிதர் அதிலும் வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்தார்! இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் நம் ஊர் மலிவுத் தாளில் அடித்துப் பார்த்தால் குறை சொன்னவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத் தோன்றும்.

இன்னொன்று. பழைய அச்சு முறையில் ஈய எழுத்து தாளில் அழுந்தும்போது மை ஓரத்தில் லேசாகப் பிதுங்கி, மெல்லிய கோட்டுக்கும் கொஞ்சம் சதை பிடிக்கும். கணினியில் வரைந்த எழுத்துக்கு அந்த உதவி கிடையாது. அதனால் 11 பாயிண்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. நல்ல தாளில் கதை, கட்டுரை, அழைப்பிதழ் எதற்கும் கூசாமல் போடலாம். துண்டுப் பிரசுரத்துக்கும் ரயில் அட்டவணைக்கும் வேண்டவே வேண்டாம்.

அந்த மலரின் ஒரு பக்கத்தைப் பிறகு 11 பாயிண்டாக்கி மேப்லித்தோ என்ற நல்ல தாளில் அடித்துப் பார்த்தேன். 'ஈ'யின் குறுக்குக்கோடு ஒன்றுகூட அறுபடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிடிபி பணியாளர்,
ஈரோடு