சட்டமன்றத்திடம் சென்னை முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நடுவில் வெட்டி, வெறும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மழை பெய்தால் ஸ்கூட்டர் சக்கரம் பாதி இறங்கிவிடுகிறது. சாலை ஒருவர் கையில், குழாய் இன்னொருவர் கையில் என்றால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கென 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீரும் நகரத் திட்டமிடலும் அதில் உண்டு. சென்னையில் அவை இன்னமும் மாநில அரசின் தனி அமைப்புகளிடம்தான் இருக்கின்றன.

சென்னை மாநகராட்சி கூடுதல் நிதி கேட்பது சரி, தேவைதான். அதற்கு முன்னால் அதன் 200 கவுன்சிலர்களும் கட்சி பார்க்காமல் தீர்மானம் போட்டு, இந்த அதிகாரங்களைச் சட்டமன்றத்திடம் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்குள்ளேயே கேட்கட்டும்.

– ஒரு வாசகர், சென்னை