சிவப்பு ஸ்டிக்கர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வெளியூர் போகும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் எனாமல் சாமானுக்கும், மரப்பெட்டியின் வெளியே அதிர்ச்சி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள சிறு குழாயில் சிவப்பு ஏறியிருந்தால் பெட்டி அடிபட்டது என்று தெரியும். எப்போது என்று தெரியாது. கடைக்காரர் லாரி செட்டைச் சொல்வார், லாரி செட் துறைமுகத்தைக் கைகாட்டும். அடியையும் ஈரத்தையும் அளந்து நேரத்தோடு பதியும் லாகர் என்ற சிறு கருவி பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

வாங்கும்போதே பலர் தவறுகிறார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மலிவான லாகர், ஈரப்பதத்துக்குத் தாராளம். 30 நாளில் 2,880 அளவுகள் கிடைக்கும். அடியோ கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு, மூன்று திசையிலும் விடாமல் கவனித்து, குறித்த வரம்பைத் தாண்டியதும் பதியும் அதிர்வு லாகர்தான் வேண்டும். வரம்பை ரொம்பக் குறைத்தால் மானாமதுரை தாண்டுவதற்குள் சாலைக் குலுக்கலிலேயே மெமரி நிரம்பிவிடும்.

அதை ஃபோமுக்குள் செருகாதீர்கள்; ஃபோமின் ஆட்டத்தைத்தான் பதியும். பொருளைத் தாங்கும் உள்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்த பொருள் ஃபோமில் 2.5 செ.மீ. அமுங்கி நின்றால், தாங்கும் வேகக்குறைப்பு சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 12 மடங்கு. ஃபோம் இல்லாமல் 2.5 மி.மீ.யில் நின்றால் 120 மடங்கு. உச்சம் இதைவிடக் கூடும்.

ஐப்பசி மழையில் கட்டும் பெட்டிக்கு ஈரம்தான் பெரிய எதிரி. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால், ராத்திரி 25 டிகிரிக்கு இறங்கியதும் உள்ளே வியர்க்கும். பழைய கண்ணாடியின் ரசம் விளிம்பிலிருந்து கறுக்க அது போதும். வைக்கோலை இனியாவது விட்டுவிடலாம். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், ஆனால் லாகரை ஒட்டி வேண்டாம். பக்கத்தில் இருந்தால் பெட்டி முழுக்கக் காய்ந்திருப்பதாகப் பொய் சொல்லும்.

இன்னொன்று, கடிகாரம். சில லாகர்கள் கிரீன்விச் நேரத்தில் ஓடும். இரவு 10 மணிக்கு லாரியில் பட்ட அடி, மாலை 4.30 என்று காட்டும். அந்த நேரத்தில் பெட்டி கடையில் இருந்திருக்கும். பழி பேக்கிங் ஆள் தலையில். மூடுவதற்கு முன் இந்திய நேரத்துக்கு மாற்றி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். பெட்டி கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எல்.ஆர். சீட்டில் (லாரி செட் தரும் சரக்கு ரசீது) மணியைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். லாகர் மணி சொல்லும், அப்போது பெட்டி யார் கையில் இருந்தது என்று சொல்லாது.

இப்படிக்கு,
பழம்பொருள் பேக்கிங் தொழிலாளர்கள்,
காரைக்குடி.