அந்த விசில் எங்கே?

அன்புள்ள மீனா,

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய ‘சல்தே சல்தே’ பாட்டை நாலு தடவை கேட்டேன். லதா குரலுக்கு என்ன குறை? ஆனால் கடைசியில் வரும் விசில் எங்கே? எந்தப் புண்ணியவானோ பாட்டு முடிந்தது என்று நினைத்து வெட்டிவிட்டான். ஆயுசு பூராவும் ரயில்வேயில் கார்டாக இருந்தவனுக்கு எப்படிப் பொறுக்கும், சொல்.

மாப்பிள்ளையோடு உட்கார்ந்து, அந்தப் பாட்டு வரும் ‘பாக்கீஸா’ இந்திப் படத்தை முழுசாகப் பார். அதில் மீனா குமாரி ஆடிப் பிழைக்கிறவள். ரயிலில் தூங்குகிறபோது முன்பின் தெரியாத ஒருவன் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, ‘இவற்றைத் தரையில் வைத்துவிடாதீர்கள், அழுக்காகிவிடும்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அதற்கப்புறம் ரயில் சத்தம் கேட்டாலே அவளுக்கு உயிர் ஒரு நிமிஷம் நின்று வரும். இந்தப் பாட்டில், போகிற வழியில் யாரோ ஒருவர் எதிர்ப்பட்டார் என்றுதான் ஆரம்பிக்கிறாள். கைஃபி ஆஸ்மி எழுதியது. விளக்குகள் என்னோடு சேர்ந்து எரிந்து எரிந்து அணைகின்றன என்று முடிக்கிறபோது, தூரத்தில் நீராவி இன்ஜின் கூவும். முன்னால் உட்கார்ந்திருக்கிற பணக்காரனுக்கு அது வெறும் ரயில். அவளுக்கு மட்டும்தான் அது பதில். பதிலை வெட்டிவிட்டு எனக்குக் கேள்வியை அனுப்பியிருக்கிறாய்.

1972-ல் மத்தியப் பிரதேசத்து இட்டார்சியில் பார்த்தேன். அப்போது எனக்கு இந்தி என்றால் பானி, சாய், ‘காடி லேட் ஹை’ அவ்வளவுதான். கூட வந்த, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், அதே படத்தின் ‘இன்ஹி லோகோன் நே’ பாட்டுக்கு ஒவ்வொரு வரியாகக் காதில் அர்த்தம் சொன்னான். என் துப்பட்டாவைப் பறித்தது இவர்கள்தான் என்கிறாள். நம்பாவிட்டால் ஜவுளிக்கடைக்காரனைக் கேள், கெஜம் ஒரு பொற்காசுக்குக் கொடுத்தவன். சாயக்காரனைக் கேள், ரோஜா நிறத்தில் முக்கியவன். சிப்பாயைக் கேள், சந்தையில் பிடித்து இழுத்தவன். தபலா என்னமோ துள்ளிக்கொண்டுதான் போகிறது. அவள் சொல்வதோ புகார் மனு. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவனாகக் காட்டிக்கொடுக்கிறாள். நம் ஊரில் முந்தானையைத் தொட்டால் என்ன அர்த்தமோ அதேதான் அங்கே துப்பட்டாவுக்கும். அந்த ஃபயர்மேன் சொல்லாமல் இருந்திருந்தால் தாளம் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

இசையமைத்த குலாம் முகமது தபலா, டோலக் கைக்காரர். பெரிய இசையமைப்பாளர் நௌஷாதிடம் வெகுகாலம் உதவியாளராக இருந்தார். படம் வருஷக்கணக்கில் இழுத்தது, நடுவே 1968-ல் அவர் போய்விட்டார். வெளிவந்தபோது ஊரெல்லாம் கிடார் சத்தம். ஆனாலும் டைரக்டர் கமால் அம்ரோஹி அந்தப் பழைய பாட்டுகளை மாற்றவில்லை. பின்னணி இசையை நௌஷாத் முடித்துக்கொடுத்தார். ஃபிலிம்ஃபேர் இசை விருது வேறு படத்துக்குப் போனது. விருது வாங்கிய அந்த இன்னொரு படத்தில் நடித்ததற்காகத் தனக்குக் கிடைத்த விருதை நடிகர் பிராண் வேண்டாமென்றார், குலாம் முகமதுவுக்குத் தரவில்லையே என்று. எத்தனை கொலை செய்த வில்லன் அவர்! அன்றிலிருந்து அவர் கத்தியைத் தூக்கினாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

பிப்ரவரியில் படம் வந்தது, மார்ச் 31-ல் மீனா குமாரி போய்விட்டாள். ரயில் ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் தங்கி இளைப்பாறும் இட்டார்சி ரன்னிங் ரூமில் அன்றைக்கு ஒருத்தனும் சீட்டு ஆடவில்லை. உனக்கு வைத்த பெயர் மதுரை மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டது என்றே உன் ஆச்சி கடைசி வரை நம்பினாள். அம்மாவுக்குத் தெரியும். நீ யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே.

கடைசிப் பத்து செகண்டோடு அந்தப் பாட்டை மறுபடி அனுப்பு. சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா? போட்டோவில் வாயை மூடிக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
அப்பா