உலையை மட்டும் காத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உக்ரைனின் சபோரிஷியா அணுமின் நிலையம் பற்றிப் பேச்சு வந்தாலே, உலைக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தால் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் மின்வாரியத்தில் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்தடங்களை நினைத்துத்தான் எனக்கு அதிகப் பயம்.

மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கு வெளி மின்சாரம் எதற்கு என்று தோன்றலாம். உலையை நிறுத்திவிட்டாலும் எரிபொருளில் வெப்பம் பிறப்பது நிற்காது. நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் சுமார் 6, 7 சதவீதம் இருக்கும். பிறகு குறைந்துகொண்டே வரும், ஆனால் வருடக்கணக்கில் முற்றாகப் போகாது. அந்தச் சூட்டை எடுக்க நீர் சுழல வேண்டும், நீரைச் சுழற்றப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் யாரும் குண்டு போடவில்லை. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது, சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. போரில் இதே வரிசை நடக்க ஒரு ஏவுகணை உலையைத் தொடவே வேண்டியதில்லை.

சபோரிஷியாவில் 6 உலைகள், ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம். 2022 மார்ச் 4 அன்று ரஷ்யப் படை அதைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அங்கே மின் உற்பத்தியே இல்லை. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை தகர்ந்து நீர்த்தேக்கம் வற்ற, குளிர்விக்கும் நீருக்காகக் கிணறு தோண்டினார்கள். போருக்கு முன் நான்கு 750 கே.வி. (கிலோவோல்ட்) மின்தடங்களும் பல 330 கே.வி. தடங்களும் இருந்த இடம், ஒவ்வொன்றாக இழந்து, 2025 செப்டம்பர் 23 அன்று கடைசித் தடத்தையும் இழந்தது. அப்புறம் ஒரு மாதம் முழுக்க டீசல் ஜெனரேட்டர்கள்தான். அவசரத்துக்கென்று வைத்த இயந்திரத்தை இரவும் பகலும் அத்தனை நாள் ஓட்டுவது என்றால் என்னவென்று எங்கள் துறைக்காரர்களுக்குத் தெரியும்.

கடைசியில் சர்வதேச அணுசக்தி முகமை இரு தரப்பிடமும் பேசி, தடம் அறுந்த இடங்களில் மட்டும் சண்டையை நிறுத்த வைத்தது. ஊழியர்கள் போய்ப் பழுது பார்த்தார்கள். அக்டோபர் 23 அன்று மீண்டும் மின்சாரம் வந்தது. தடத்தில் மின்சாரம் இல்லை, வேலை செய்யலாம் என்று தரும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். அதைக் கையில் வாங்காமல் நாங்கள் கம்பியைத் தொடமாட்டோம். அங்கே அந்த லைன் கிளியரை இரண்டு ராணுவங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. மனம் இருந்தால் முடியும் என்றுதானே இது காட்டுகிறது? அதை ஒரு மாதம் ஏன் இழுத்தார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, 56ஆம் பிரிவில், அணைகளையும் அணுமின் நிலையங்களையும் தாக்கக் கூடாது என்கிறது. ஆனால் ராணுவ நடவடிக்கைகளுக்கு நேரடியாகவும் தொடர்ந்தும் கணிசமாகவும் மின்சாரம் தந்தால், அதைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால், அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரே கிரிட்டில் வீடும் ஓடுகிறது, ஆயுதத் தொழிற்சாலையும் ஓடுகிறது. இந்த விதிவிலக்கை யார் எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி 2023 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் முன்வைத்த 5 கோட்பாடுகளில், வெளி மின்சாரத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்பதும் ஒன்று. சரியான கோரிக்கை. ஆனால் அது சபோரிஷியாவுக்காக மட்டும் சொன்னது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சபோரிஷியாவில் இருப்பதும் கூடங்குளத்தில் ஓடுவதும் வி.வி.இ.ஆர்.-1000 என்ற ஒரே ரஷ்ய வடிவமைப்புக் குடும்பத்து உலைகள். கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே காற்றின் மூலம் உலையின் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு, அது நல்லது. ஆனால் பயன்படுத்திய எரிபொருளும் சூடாகவே இருக்கும்; அதைப் போட்டு வைக்கும் குளத்துக்கு அந்த அமைப்பு உதவாது. 1977 நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. ஆக, இரு நாட்டு உலைகளுக்கும் உண்மையான காப்பு 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, இஸ்லாமாபாத்தில் கையெழுத்தான ஒப்பந்தம்தான். ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். கார்கில் போருக்குப் பிறகும், 2025 மே மாத மோதலுக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

அந்த ஒப்பந்தம் உலைகளையும் எரிபொருள் ஆலைகளையும் சொல்கிறது. நிலையத்துக்கு வரும் மின்தடங்கள், துணைமின் நிலையங்கள், நீர் எடுக்கும் அமைப்புகள், பழுது பார்க்கப் போகும் ஊழியர்கள் பற்றி எதுவும் இல்லை. இவற்றையும் சேர்க்க வேண்டும். தடம் அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அங்கே சண்டையை நிறுத்திப் பழுது பார்க்க விடுவது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். தடங்களைப் பட்டியலிட்டால் எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது ஆகாதா என்று கேட்பார்கள். 400 கே.வி. கோபுரங்கள் செயற்கைக்கோள் படத்தில் யாருக்கும் தெரிகின்றன. அங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. இன்றைய உறவில் பாகிஸ்தானோடு பேச்சா என்றும் கேட்பார்கள். அந்தப் பட்டியல் இன்றைய உறவிலும்தான் கைமாறுகிறது. அதே வழியில் இந்தத் திருத்தத்தையும் வெளியுறவு அமைச்சகம் முன்வைக்கலாம். நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும், உங்கள் இதழும் தலையங்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி